சட்டம் படித்து வக்கீலாவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டப் படிப்பில் சேர நினைப்பவர்களும், சேர்ந்த முதல் ஆண்டிலேயே விழி பிதுங்கி நிற்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் படித்தேன், பல வருடம் ஜூனியராக இருந்தேன், இப்போது எனக்கு ஜூனியர்கள் இருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிற பதில்கள் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். மாறுகிற இடத்தில் எந்த நாடு என்று சொல்லிவிடுகிறேன்.

சட்டம் படிப்பது என்றால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதுதானே?

இல்லை. 1860-ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302. சட்டப் புத்தகத்தைத் தொடாதவர்களுக்குக்கூட அந்த எண் தெரியும். 2024 ஜூலை 1 அன்று அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொலைக்கான பிரிவு 103 ஆகிவிட்டது. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது! எண்ணை மட்டும் நெட்டுரு போட்டவர் ஒரே இரவில் பழைய ஆளாகிவிட்டார். எந்த மரணம் கொலை, எது கொலைக்குள் வராது, அந்தக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டவருக்கு எண் மாறியது ஒரு வாரத் தலைவலி, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் அரசுத் தேர்வு எழுதும் சட்ட மாணவர்கள் சட்டத் தொகுப்பை மேஜையில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். அந்தத் தேர்வு எளிது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புத்தகத்தில் எங்கே தேடுவது, தேடிக் கிடைத்ததை இந்த விவகாரத்துக்கு எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள்.

அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு குற்றத்தின் கூறுகள் என்ன, ஒப்பந்தம் உருவாக என்னென்ன வேண்டும் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லும்போது எதைத் திருப்பிக் கேட்பது என்று அப்போதுதான் தோன்றும்.

பட்டம் வாங்கிவிட்டால் வக்கீலா?

அநேகமாக எந்த நாட்டிலும் இல்லை. பட்டம், தகுதித் தேர்வு, நடைமுறைப் பயிற்சி என்ற மூன்றும் ஏதோ ஒரு கலவையில் இருக்கும்.

இந்தியாவில் பள்ளி முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது வேறு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. அப்புறம் மாநில பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. இலங்கையில் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் இருந்தாலும் சட்டக் கல்லூரியின் தேர்வுகளை முடித்து, பயிற்சியும் பெற்ற பின்னரே உச்ச நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய முடியும். அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவர் மூன்று ஆண்டு ஜே.டி. என்ற சட்டப் பட்டம் படித்து, தொழில் செய்யப் போகும் மாநிலத்தின் பார் தேர்வை எழுதுவது வழக்கம். இங்கிலாந்தில் இரண்டு பாதை: சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, ஆவணம் தயாரிப்பவர்) ஆக 2021 முதல் ஒரு பொதுவான தகுதித் தேர்வும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும், பாரிஸ்டர் (முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடுபவர்) ஆக பார் பயிற்சியும், அதன் பின் ஒரு சீனியரிடம் சுமார் ஓராண்டு பயிற்சிக் காலமும் வேண்டும். ஜெர்மனியில் முதல் அரசுத் தேர்வு, இரண்டு ஆண்டு பயிற்சி, பிறகு இரண்டாம் அரசுத் தேர்வு. அந்தப் பயிற்சியில் நீதிமன்றம், அரசு வழக்குத் தொடுப்புத் துறை, நிர்வாகம், வக்கீல் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் சுற்ற விடுகிறார்கள். எனக்கு அந்த முறை மேல் கொஞ்சம் பொறாமை உண்டு; நீதிபதி ஆகப் போகிறவரும் வக்கீல் ஆகப் போகிறவரும் ஒரே பயிற்சியைப் பெறுகிறார்கள்.

சேர்வதற்கு முன்னால் ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள். நீங்கள் தொழில் செய்ய நினைக்கும் நாட்டில் வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு எது என்று பார்த்து, நீங்கள் சேரும் கல்லூரியின் பட்டத்தை அது அங்கீகரிக்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேளுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை நம்பாதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பி, அப்புறம் இன்னொரு தேர்வு இருப்பதைத் தெரிந்துகொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

காமன் லா, சிவில் லா என்கிறார்களே, மாணவருக்கு அதில் என்ன வித்தியாசம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சிவில் வழக்கு" என்னும்போது வரும் சிவில் வேறு; இந்த சிவில் லா வேறு. இது ரோமானியச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஒரு சட்டக் குடும்பத்தின் பெயர். பேரரசர் ஜஸ்டினியன் 533-ல் வெளியிட்ட தொகுப்பை, பல நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியின் போலோனாவில் பாடமாக நடத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பு அங்கிருந்துதான் கிளைத்தது. பிரான்சின் 1804 சிவில் சட்டத் தொகுப்பும், 1900-ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் தொகுப்பும் அந்த வழி வந்தவை.

தீர்ப்புகள் வழியாக வளர்ந்த காமன் லா பிறந்த இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே நாட்டின் சொந்தச் சட்டத்தை நீதிமன்றத்தை ஒட்டியிருந்த வக்கீல் விடுதிகளில்தான் கற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கென்று ஒரு பேராசிரியர் பதவி வந்து சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் அதில் அமர்ந்தது 1758-ல்தான். அதுவரை பல்கலைக்கழகத்தில் ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் மட்டுமே.

இந்தப் பழைய வேறுபாடு இன்றும் பாடப் புத்தகத்தில் தெரியும். காமன் லா நாட்டு மாணவர் வழக்கிலிருந்து விதிக்குப் போவார். தீர்ப்புகளைப் படித்தே ஆக வேண்டும். சிவில் லா நாட்டு மாணவர் விதியிலிருந்து வழக்குக்கு வருவார். பிரிவையும் அதற்கான விளக்க நூலையும் கரைத்துக் குடிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் நெருங்கி வந்துவிட்டன.

பள்ளி முடித்ததும் சேர்வதா, வேறு பட்டம் முடித்துவிட்டுச் சேர்வதா?

வக்கீலாவது உறுதி என்றால் நேராகச் சேருங்கள். உறுதி இல்லையென்றால் பிடித்த ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள். அந்தப் படிப்பு வீண் போகாது. கணக்கியல் படித்தவர் ஐந்தொகையைப் பார்த்தவுடன் எங்கே இடிக்கிறது என்று சொல்வார். பொறியியல் படித்தவருக்குக் காப்புரிமை வழக்கும் கட்டுமானத் தகராறும் பழகிய மொழியில் இருக்கும். நாற்பது வயதில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், ஒரு எச்சரிக்கையோடு: முதல் சில ஆண்டுகள் வருமானம் மெல்லத்தான் ஏறும். வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தீர்ப்பை எப்படிப் படிப்பது? பத்துப் பக்கம் படித்தும் ஒன்றும் நிற்கவில்லை.

கதை மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போனால் நிற்காது. கேள்விகளோடு போக வேண்டும்: யார், யாரிடமிருந்து, என்ன கேட்கிறார்? கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது? இந்த நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி எது? என்ன முடிவு? அந்த முடிவுக்கு எந்தக் காரணம் இல்லாமல் முடியாது?

உலகத்தில் பாதி சட்ட மாணவர்கள் முதல் ஆண்டில் சந்திக்கும் நத்தை வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு கடையில், டோனஹியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி பாட்டில். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்றும், தனக்கு உடம்பு கெட்டுவிட்டது என்றும் அவர் சொன்னார். பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட்டார்.

இப்போது கேள்வி எது? "பானத்தில் நத்தை இருந்ததா" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. காசு கொடுத்தது தோழி. விற்றது கடைக்காரர். டோனஹியூவுக்கும் தயாரிப்பாளருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒப்பந்தமே இல்லாதபோது, தயாரிப்பாளர் தன் பொருளைக் குடிக்கப் போகிறவர் விஷயத்தில் கவனமாக இருக்கச் சட்டப்படி கடமைப்பட்டவரா? அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முன் வந்த கேள்வி அதுதான். 1932 மே மாதம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், ஆம் என்று பதில் வந்தது.

அடுத்த படிதான் மாணவர்கள் வழுக்கும் இடம். தீர்ப்பில் எது பிற்காலத்தைக் கட்டுப்படுத்தும், எது போகிற போக்கில் சொன்னது? முன்னதை ரேஷியோ என்றும், பின்னதை ஓபிட்டர் என்றும் வக்கீல்கள் பேச்சில் சொல்வார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபு, உன் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக் கூடியவர் எவரோ அவரே உன் அண்டை வீட்டார், அவருக்குத் தீங்கு வராமல் நடந்துகொள் என்ற பொருளில் பரந்த கொள்கை ஒன்றைச் சொன்னார். குறுகலாகப் பார்த்தால், இடையில் யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லாத வகையில் பொருளை விற்பனைக்கு அனுப்பும் தயாரிப்பாளருக்கு, அதைப் பயன்படுத்துபவர் மீது கடமை உண்டு, அவ்வளவுதான். எவ்வளவு அகலமாகப் பிடிப்பது என்பதில்தான் வக்கீலின் பிழைப்பே இருக்கிறது.

சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வழக்கு லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. கம்பளி உள்ளாடையில் தங்கியிருந்த வேதிப்பொருளால் ஒருவருக்குக் கடுமையான தோல் நோய். நத்தைத் தீர்ப்பு மூடி போட்ட உணவு, பானத்துக்குத்தான், துணிக்கு இல்லை என்று தயாரிப்பாளர் பக்கம் வாதாடினார்கள். எடுபடவில்லை. அந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். முன்தீர்ப்பு எப்படி நகர்கிறது என்பதைப் பத்து விரிவுரையைவிட நன்றாக அது சொல்லித்தரும்.

இன்னொன்று: அந்த பாட்டிலில் நத்தை இருந்ததாக எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை. சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்தார்கள். சாட்சி விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்துபோக, விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

தேர்வில் கதை சொல்லிக் கேட்கும் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது?

இதுதான் சட்டத் தேர்வின் உயிர். ஒரு மாதிரி.

திங்களன்று கமலா தன் பழைய பியானோவை ஒரு விலைக்குத் தருவதாக ரவியிடம் சொல்கிறார். வெள்ளி வரை யோசித்துச் சொல்லலாம் என்கிறார். புதனன்று அதை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். ரவிக்கு நம்பகமான ஒரு நண்பர் மூலம் அந்தச் செய்தி அன்றே தெரிகிறது. வியாழனன்று "எனக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்" என்று ரவி கடிதம் கொடுக்கிறார். ரவி வழக்குப் போடலாமா?

பெரும்பாலானோர் எழுதுவது இப்படி இருக்கும்: "ஒப்பந்தம் என்பது சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடு. முன்மொழிவு என்றால்..." என்று இரண்டு பக்கம் இலக்கணம். கடைசியில், "ஆகவே ரவிக்கு நியாயம் கிடைக்க வேண்டும்." தெரிந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார்; கேட்டதற்குப் பதில் இல்லை.

பிரச்சினையை முதல் வரியிலேயே பிடியுங்கள். ரவி ஏற்பதற்கு முன்பே முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. அதற்குள் இரண்டு குட்டிக் கேள்விகள்: வெள்ளி வரை காத்திருப்பதாகச் சொன்ன சொல் கமலாவைக் கட்டுமா? திரும்பப் பெற்றதை கமலாவே சொல்லாமல் மூன்றாம் ஆள் சொன்னால் போதுமா? அடுத்து விதி. ஆங்கிலேயக் காமன் லாப்படி, அந்த வாக்குறுதிக்கு ரவி எந்த மறுபயனும் (பதிலுக்குப் பணமோ வேறெதுவோ) தராததால் அது கட்டாது; நம்பகமான மூன்றாம் ஆள் மூலம் தெரிந்தாலும் போதும் என்று 1876-ல் டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. பிறகு பொருத்துதல்: நண்பர் சொன்னது புதன், ரவி ஏற்றது வியாழன். முடிவு: ஒப்பந்தம் இல்லை.

இதோடு நிறுத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்? அந்த நண்பர் உண்மையில் நம்பகமானவரா, அல்லது ஊர்வம்பா? வெள்ளி வரை வைத்திருக்க ரவி ஏதாவது தொகை கொடுத்திருந்தால்? இந்த இரண்டு வரிதான் நல்ல விடையைச் சாதாரண விடையிலிருந்து பிரிக்கும். அப்புறம், இதே கதையை ஜெர்மன் சட்டத்தில் வைத்தால் விடை மாறிவிடும். அங்கே கெடு குறித்துச் சொன்ன முன்மொழிவு, சொன்னவரை அந்தக் கெடு வரை கட்டும்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. சட்டம் படிக்கலாமா?

காந்தி 1891-ல் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். பம்பாயில் அவருடைய முதல் வழக்கு ஒரு சிறு வழக்கு நீதிமன்றத்தில். எதிர்ப்பக்கச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதை மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயம். தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா என்ற வணிகரின் பெரிய வணிக வழக்கு. வழக்கு முழுக்கக் கணக்கு. காந்திக்குக் கணக்கு தெரியாது. புத்தகம் வாங்கிக் கணக்கு வைப்பதைக் கற்று, கட்டுக் கட்டாக இருந்த ஆவணங்களைப் படித்து, கட்சிக்காரரைவிட அதிகமாக வழக்கைத் தெரிந்துகொண்டார். பேச்சு தானாக வந்தது. கடைசியில் அதை மத்தியஸ்தம் வழியாக முடித்தும் வைத்தார்.

பேச்சு வராததற்கு பல நேரம் காரணம் கூச்சம் இல்லை, வழக்குக் கட்டைப் படிக்காததுதான். விவரம் கைக்குள் இருப்பவர் தடுமாறினாலும் நீதிபதி காத்திருப்பார். தவிர, இந்தத் தொழிலில் பெரும்பகுதி எழுத்து. ஒப்பந்தம் வரைபவர், வரி ஆலோசனை சொல்பவர், பத்திரம் பார்ப்பவர் எல்லாரும் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறாமல் இருப்பது உண்டு.

மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிகளால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் கோப்பையில் இல்லை. போட்டிக்காக இரண்டு பக்கத்துக்கும் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும். காலையில் அரசுக்காகப் பேசியவர் மாலையில் அதே அரசுக்கு எதிராகப் பேசுவார். தன் வாதத்தின் ஓட்டை எங்கே என்று அப்போதுதான் தெரியும். 1960-ல் தொடங்கிய ஜெசப் சர்வதேசச் சட்டப் போட்டியிலும் இதே ஏற்பாடுதான். ஒன்றிரண்டில் கலந்துகொள்ளுங்கள். ஐந்து ஆண்டும் அதிலேயே ஊறுவது வீண்; நிஜ நீதிமன்றத்தில் யாரும் உங்களுக்கு ஒரே வழக்குக்கு இருபது நிமிடம் இடைவிடாமல் தர மாட்டார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்வது? போட்டோகாப்பி எடுக்கவே விடுகிறார்கள்.

எடுக்கும்போது படியுங்கள். கேலி இல்லை, நான் கற்றது அப்படித்தான். ஒரு வழக்குக் கட்டுக்குள் என்னென்ன இருக்கும், எந்த வரிசையில் இருக்கும், எந்தத் தாள் காணாமல் போனால் எல்லாரும் பதறுகிறார்கள் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

என் முதல் வக்கீல் நோட்டீஸ் நான்கு பக்கம். மூன்று தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்தேன், பெருமையாக. சீனியர் பேனாவை எடுத்தார், முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு, இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடு, மூன்றாம் பக்கத்திலும் ஒன்று. நான்காம் பக்கத்தில் இரண்டு வாக்கியத்தை வட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்: "எதிராளி என்ன செய்யணும்னு சொல்றே? எந்தத் தேதிக்குள்ளே?" தேதியே எழுதவில்லை நான். அரைப் பக்கத்தில் மறுபடி எழுதினேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு வழக்கைக் கேட்டு வாங்கி, முதல் மனுவிலிருந்து கடைசி உத்தரவு வரை படித்துவிடுங்கள். அங்கே பார்த்ததை வெளியே பேசாதீர்கள். கட்சிக்காரரின் ரகசியம் உங்களையும் சேர்த்துக் கட்டும். சமூக ஊடகத்தில் படம் போடும் ஆசையை அடக்குங்கள்.

எந்தப் பாடத்தில் அதிகம் கவனம் செலுத்த வேண்டும்?

மாணவர்கள் அரசமைப்புச் சட்டத்தையும் குற்றவியலையும் விரும்பிப் படிப்பார்கள். நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் கடைசி வாரத்தில் விழுங்குவார்கள். தொழிலுக்கு வந்ததும் தினமும் தேவைப்படுவது அந்த இரண்டும்தான். எந்த நீதிமன்றத்தில் போடுவது, யாரையெல்லாம் கட்சியாகச் சேர்ப்பது, இந்த ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்பார்களா?

எல்லாவற்றுக்கும் முன்னால் காலவரம்பு. எவ்வளவு நியாயமான வழக்காக இருந்தாலும், குறித்த கெடு தாண்டிவிட்டால் கதவு சாத்தப்படும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் வழி எல்லா வழக்கிலும் கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் கட்சிக்காரர் கதையை ஆரம்பித்த உடனே, "இது எப்போ நடந்தது?" என்று குறுக்கிடுகிறார்கள். மரியாதைக் குறைவு இல்லை அது. நாட்குறிப்பைப் பிழையில்லாமல் வைத்துக்கொள்ள முதல் ஆண்டிலேயே பழகுங்கள்.

லத்தீன் சொற்களும் கடினமான மொழியும் பயமுறுத்துகின்றன.

லத்தீன் படிக்கத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் சில தொடர்களின் பொருள் தெரிந்தால் போதும். இங்கிலாந்திலேயே 1999-ல் வந்த உரிமையியல் நடைமுறை விதிகள் "பிளெயின்டிஃப்" என்ற பழஞ்சொல்லைக் கைவிட்டு, கோருபவர் என்று பொருள்படும் எளிய சொல்லுக்கு மாறிவிட்டன.

உண்மையான சிக்கல் வேறு. படித்த மொழியும், கட்சிக்காரர் பேசும் மொழியும், நீதிமன்றம் கேட்கும் மொழியும் பல இடங்களில் வெவ்வேறு. கற்கும் ஒவ்வொரு கோட்பாட்டையும் சட்டம் தெரியாத ஒருவருக்கு உங்கள் தாய்மொழியில் மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையா, உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

செயற்கை நுண்ணறிவு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

2023-ல் நியூயார்க்கின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தில், விமானத்தில் முழங்காலில் அடிபட்டதாகச் சொன்ன பயணியின் வழக்கு. அவர் தரப்பு மனுவில் மேற்கோள் காட்டிய பல தீர்ப்புகளை எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகள் அவை. வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். கருவியைப் பயன்படுத்தியதற்காக இல்லை. சரிபார்க்காமல் கொடுத்ததற்கும், கேள்வி எழுந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கும்.

தேடவும், சுருக்கவும், முதல் வரைவுக்கும் உதவட்டும். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் திறந்து உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மாணவப் பருவத்தில் தீர்ப்பைச் சுருக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டால், அது தப்பு செய்யும்போது கண்டுபிடிக்க உங்களால் முடியாது.

தப்பு செய்தவனுக்காக வாதாட வேண்டி வந்தால்?

குடும்ப விழாக்களில் வக்கீல்களைச் சுற்றி நின்று கேட்கும் கேள்வி இது. தப்பு செய்தாரா என்று முடிவு செய்யும் வேலை வக்கீலுடையது இல்லை. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா என்று உரசிப் பார்ப்பதுதான் அவர் வேலை. கட்சிக்காரர் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆனால் ஆதாரத்தில் ஓட்டை இருந்தால் காட்டலாம். இந்தக் கோடு சொல்வதற்கு எளிது. ராத்திரி தூக்கம் கெடும் நாட்களும் உண்டு.

இங்கிலாந்து பாரிஸ்டர்களுக்கு ஒரு விதி உண்டு: வரிசையில் நிற்கும் வாடகை வண்டிக்காரர் போல, தன் துறையில் வரும் வழக்கை ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. 1792-ல், அரசுக்கு எதிராக எழுதியதாக வழக்குத் தொடரப்பட்ட எழுத்தாளர் தாமஸ் பெய்னுக்காக ஆஜரான வக்கீல் எர்ஸ்கின், அதற்கு விலையாக இளவரசரின் தலைமை வக்கீல் பதவியை இழந்தார். வழக்கிலும் தோற்றார்.

பட்டம் முடித்ததும் முதுகலை படிக்கலாமா?

கற்பிக்கும் எண்ணம் இருந்தால் உடனே படியுங்கள். தொழில்தான் என்றால் இரண்டு மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, எந்தத் துறை என்று தெரிந்தபின் போங்கள். எதில் முதுகலை என்று தெரியாமலே விண்ணப்பம் போடுபவர்கள் நிறையப் பேர்.

சேர்வதற்கு முன்பே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நீதிமன்றத்துக்குப் போய் ஒரு காலைப் பொழுது பின் வரிசையில் உட்காருங்கள். பெரும்பாலான நாடுகளில், சிறார் வழக்கு, குடும்ப வழக்கு போன்றவை தவிர, விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும். சினிமா மாதிரி இருக்காது. வழக்குகள் கூப்பிடக் கூப்பிட வாய்தா போய்க்கொண்டே இருக்கும், யாரோ தாள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஏதாவது ஒரு வழக்கில் வாதம் தொடங்கும். அப்போது வக்கீலைப் பார்க்காதீர்கள், நீதிபதியைப் பாருங்கள்: எந்த இடத்தில் பேனாவை எடுக்கிறார், எதற்குக் குறுக்கிடுகிறார், முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியா, தேதியைப் பற்றியா? குறித்துக்கொள்ளுங்கள். மதியம் வரை உட்கார்ந்தும் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருந்தால் விண்ணப்பத்தை நிரப்புங்கள். உள்ளே போகும் முன் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அது ஒலித்தால் நீதிபதியின் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.